சிவப்புக் கட்டத்துக்குள் ஒரு சைபர்

மீட்டர்காரருக்குப் பெருமைப்பட்டுக்கொள்ள இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று அவருடைய மகள். மற்றது மஞ்சள் சீட்டு. மகளைப் பற்றிக் கேட்டால் இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொள்வார். மஞ்சள் சீட்டைப் பற்றிக் கேட்டுவிட்டீர்களானால், அன்றைக்கு நீங்கள் வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது.

விஷயம் இதுதான். காரில் மீட்டர் கெட்டுப்போனால் புதிதாக ஒன்றை மாட்ட வேண்டும். புது மீட்டர் சைபரிலிருந்து தொடங்கும். அதுவரை ஓடிய கிலோமீட்டரெல்லாம் பழைய மீட்டரோடு கழன்று வந்துவிடும். ஊரெல்லாம் சுற்றிக் களைத்த வண்டி, ஒன்றும் தெரியாத பச்சைப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்கும். மற்ற கடைகளில் மாட்டினோமா, அனுப்பினோமா என்று இருந்துவிடுவார்கள். நம் ஆள் அப்படி விடமாட்டார். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, அது வந்து மூடும் சட்டத்தில் ஒரு மஞ்சள் சீட்டை ஒட்டுவார். மீட்டர் மாற்றிய தேதி, பழைய மீட்டர் காட்டிய கிலோமீட்டர், 'இதையும் சேர்த்துக் கூட்டிக்கொள்ளவும்' என்று ஒரு வரி, கீழே கையெழுத்து. நனையாமல் இருக்க மேலே டேப். இருபத்தாறு வருடமாக இதுதான் வழக்கம். கழற்றிய மீட்டரையும் தூக்கி எறிய மனம் வராது. தேதியும், வண்டிக்காரர் என்ன தொழில் செய்கிறார் என்பதும் எழுதிய அட்டையை அதில் கட்டி, வீட்டுப் பரணில் பெட்டி பெட்டியாக அடுக்கிவைப்பார். அந்தப் பரணைப் பற்றி அவர் மனைவிக்குத் தனி அபிப்பிராயம் உண்டு. அதை இங்கே எழுத முடியாது.

இவ்வளவு சுத்தமான மனிதரின் மனதில் நான்கு வருடமாக ஒரு முள் தைத்திருந்தது. குத்தியவர் அவருடைய சம்பந்தி. மகளுக்குக் கல்யாணம் பேசிய அன்று நடந்தது அது. மாப்பிள்ளையின் அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். பக்கத்தில் உட்கார்ந்தால், மாணவர் யோசிப்பதற்குள் இவர் கால் பிரேக்கை மிதித்துவிடும் என்பதால் 'பிரேக் வாத்தியார்' என்று பெயர். பேச்சிலும் அப்படித்தான். எதிரில் இருப்பவர் கொஞ்சம் வேகம் எடுத்தால் போதும், மிதித்து நிறுத்திவிடுவார்.

"மீட்டர் வேலையா?" என்றார் அன்றைக்கு, எல்லார் முன்னிலையிலும். "லட்சம் ஓடின வண்டிய முப்பதாயிரத்துக்குத் திருப்பி விடறாங்களே, அது உங்க ஆளுங்கதானா?"

எல்லாரும் சிரித்தார்கள். மீட்டர்காரரும் சிரித்தார். பெண்ணைக் கொடுக்கிற இடம், சிரிக்காமல் என்ன செய்வார். ஆனால் அவர் வாழ்நாளில் ஒரு மீட்டரையும் திருப்பியதில்லை. திருப்பச் சொல்லி வந்தவர்களைக் கடை வாசலோடு அனுப்பியவர். கல்யாணம் நன்றாக நடந்தது, மகள் நன்றாக இருக்கிறாள், சம்பந்தி வீட்டில் மரியாதைக்கும் குறைவில்லை. இருந்தாலும் அந்தப் பள்ளியின் ஐந்து கார்களில் ஒன்றின் மீட்டர்கூட இவர் கடைப் பக்கம் வந்ததில்லை. மகளிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மனைவியிடம் மட்டும் வாரத்துக்கு ஒருமுறை பேசினார்.

அதனால்தான், அந்த வியாழக்கிழமை சாயங்காலம் சம்பந்தி ஒரு நீலக் காரைக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது மீட்டர்காரருக்குக் கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

"சொந்த உபயோகத்துக்கு ஒரு கார் வாங்கிட்டேன், சம்பந்தி," என்றார் அவர். "பழசுதான். ஒரு நர்ஸம்மா வெச்சிருந்தாங்க. நாலு வண்டி பாத்தேன். எந்த மீட்டரையும் நம்ப முடியல. இதுல கதவத் திறந்தேன், உங்க சீட்டு இருந்துச்சு. அப்புறம் வேற எதையும் பாக்கல, வாங்கிட்டேன்."

கதவைத் திறந்து காட்டினார். ஆமாம், அவருடைய சீட்டுதான். எட்டு வருடத்துக்கு முந்தைய தேதி. 13,864 கிலோமீட்டர். கையெழுத்து அன்று கொஞ்சம் இளமையாக இருந்தது. இப்போதைய மீட்டர் 56,900 காட்டியது.

"ரெண்டையும் கூட்டினா எழுபதாயிரத்து எழுநூத்தி அறுபத்தி நாலு," என்றார் சம்பந்தி. "இன்ஜின்ல ஒரு பெல்ட் இருக்குமே, அத லட்சத்துக்கு ஒரு தடவ மாத்தணும். இன்னும் முப்பதாயிரம் கிட்ட இருக்கு. கவலையே இல்ல. ஞாயித்துக்கிழம எல்லாரையும் கூட்டிக்கிட்டு மலைக்குப் போறோம். நீங்களும் சம்பந்தியம்மாவும் வந்துடுங்க."

மீட்டர்காரருக்குத் தலைகால் புரியவில்லை. நான்கு வருடத்து முள் தானாகக் கழன்று விழுந்துவிட்டது. சந்தோஷத்தில் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தடவிப் பார்த்தார். இருக்கை கொஞ்சம் அதிகமாகவே அமுங்கியது. ஆக்சிலரேட்டர் ரப்பர் வழுக்கையாகத் தேய்ந்திருந்தது. நர்ஸம்மாவுக்குக் கனத்த கால் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். சந்தோஷமாக இருக்கும்போது மனிதருக்கு இப்படித்தான் தோன்றும்.

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"நல்லது. நர்ஸம்மாவுக்கு முன்னாடி அது யாரோட வண்டி?"

"ஞாபகம் இல்ல. அட்டையில எழுதியிருப்பேன்."

"எட்டு வருஷம் கழிச்சு அத எங்கன்னு தேடுவீங்க?"

அவள் சும்மா கேட்டதுதான். ஆனால் பரணின் அருமையை நிரூபிக்க இப்படி ஒரு வாய்ப்பு வருமா. ஏணியைப் போட்டு ஏறி, கால்மணி நேரத்தில் ஒரு மீட்டரோடு இறங்கினார். தலையெல்லாம் ஒட்டடை, முகமெல்லாம் வெற்றி. அட்டையைத் துடைத்து உரக்கப் படித்தார்.

"நீலக் கார். ஆறு வருஷம் ஓடியது. வேக முள் ஆடவில்லை. தொழில், ரொட்டி விநியோகம்."

மனைவி துணி மடிப்பதை நிறுத்தினாள்.

"ரொட்டிக்காரரா? எத்தன கிலோமீட்டர்னு சொன்னீங்க?"

"பதிமூணாயிரத்துச் சொச்சம்."

"ஆறு வருஷத்துலயா? ஒரு நாளைக்கு ஏழு கிலோமீட்டர்கூட ஒழுங்கா வரலையே. வண்டிய நிறுத்திட்டு ரொட்டிய நடந்து போயா குடுத்தார் அந்த மனுஷன்?"

மீட்டர்காரர் அட்டையை ஒதுக்கிவிட்டு மீட்டரைப் பார்த்தார். ஒன்று, மூன்று, எட்டு, ஆறு, நான்கு. அதற்கு அடுத்தது, சிவப்புக் கட்டத்துக்குள் ஒரு சைபர்.

மறுநாள் மதியம், கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, அந்தப் பழைய மீட்டரை மேசைமேல் வைத்தார். சில மீட்டர்களில் கடைசி எண் கிலோமீட்டர் அல்ல. கிலோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதைத் தனியாகக் காட்டத்தான் அதைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்டிருப்பார்கள். மீட்டர் தொழிலில் இருப்பவர் எவரும் சிவப்புக் கட்டத்துக்குள் இருப்பதைப் படிக்க மாட்டார். கண் தானாக அதைத் தாண்டிப் போய்விடும். அப்படித்தான் எட்டு வருடத்துக்கு முன்பும் போயிருந்தது.

மீட்டரின் முதுகில் கேபிள் சொருகும் ஓட்டையில் ஒரு துண்டுக் கேபிளை மாட்டி, விரலால் சுற்றத் தொடங்கினார். அந்த வண்டிக்கு அறுநூறு சுற்று ஒரு கிலோமீட்டர். அந்தக் கடைசி உருளை பத்தில் ஒரு பங்குக்கானது என்றால், அறுபதாவது சுற்றில் அடுத்த எண் வர வேண்டும். அறுபது ஆயிற்று. சைபர் இருந்த இடத்தில் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. நூறு, இருநூறு, முந்நூறு. விரல் கன்றிப்போனது. அறுநூறில்தான் சைபர் முழுசாக மேலேறி, ஒன்று வந்து உட்கார்ந்தது. எண்களுக்கு மேல் இருந்த முகத்தட்டைக் கழற்றிப் பார்த்தார். அது இந்த மாடலுடையதே அல்ல. எப்போதோ கண்ணாடி உடைந்தபோது யாரோ வேறொரு மாடலின் முகத்தை எடுத்து இதற்கு மாட்டியிருக்கிறார்கள். சிவப்புக் கட்டம் அந்த முகத்தோடு வந்தது. உள்ளே இருந்த ஆறு எண்களும் முழுக் கிலோமீட்டர்கள்.

ஆக, ரொட்டிக்காரர் ஓட்டியது பதின்மூன்றாயிரத்து எண்ணூற்று அறுபத்து நான்கு அல்ல. ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது.

பரிசோதனைக்காக ஓட்டிய ஒரு கிலோமீட்டர் கணக்கில் சேரக் கூடாது அல்லவா. கேபிளைப் பின்பக்கமாக அறுநூறு தடவை சுற்றி, மறுபடி சைபருக்கே கொண்டுவந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மீட்டரைத் திருப்பினார். அதுவும் உண்மையைக் காப்பாற்றுவதற்கு. வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பார்.

சம்பந்தியின் கார் இரண்டு லட்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. ரொட்டிக்காரர் ஒரு லட்சத்தில் பெல்ட்டை மாற்றினாரோ இல்லையோ, யாருக்குத் தெரியும். மாற்றியிருந்தால்கூட அது கிழடாகியிருக்கும். மாற்றாவிட்டால் ஓடுவதே அதிசயம். ஓடும்போது அறுந்தால் இன்ஜின் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை மலைவளைவில் அந்த வண்டிக்குள் அவர் மகள் உட்கார்ந்திருப்பாள்.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட மனைவி கொஞ்ச நேரம் யோசித்தாள். அவள் யோசித்தால் வழி பிறக்கும். சில சமயம் அது குறுக்குவழியாக இருக்கும்.

"பெல்ட்டுதானே பிரச்சினை. புதுக் கார் வாங்கினதுக்கு எங்க பரிசுன்னு சொல்லி, நம்ம மெக்கானிக்க வெச்சு நாளைக்கே மாத்திக் குடுத்துடுங்க. வண்டியும் பத்திரம், உங்க பேரும் பத்திரம். அந்த மீட்டர வழியில எங்கயாவது போட்டுடுங்க."

"சீட்டு?"

"இப்பத்தான் அந்த மனுஷன் உங்கள நம்பவே ஆரம்பிச்சிருக்கார். லட்சத்து முப்பத்தெட்டாயிரம், பதிமூணாயிரம் ஆயிருக்குன்னு போய்ச் சொன்னா என்ன நினைப்பார்? சொல்லுங்க."

சொல்ல வேண்டியதே இல்லை. மீட்டர் திருப்புகிறவர்கள் செய்வதும் இதேதான். லட்சம் ஓடிய வண்டியை ஆயிரக்கணக்கில் காட்டுவது. மீட்டர்காரர் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை காலை, துணிப்பையில் பழைய மீட்டரைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். மெக்கானிக்கிடம் பள்ளிக்கு நேராக வந்துவிடச் சொல்லியிருந்தார். வழியில் மூன்று குப்பைத்தொட்டிகள் வந்தன. முதலாவதன் பக்கத்தில் யாரோ நின்றிருந்தார். இரண்டாவதின் மூடி இறுகியிருந்தது. மூன்றாவது திறந்து, காலியாக, யாருமில்லாமல் இருந்தது. அதன் முன்னால் நின்று, பைக்குள் கையை விட்டு, அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு நடந்துவிட்டார்.

பள்ளி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு அறை, சுவரெல்லாம் போக்குவரத்துச் சின்னங்கள், வெளியே மண் முற்றம், கோடு கிழித்து நட்ட கம்புகள். நீலக் கார் முற்றத்தின் நடுவில் நின்றது. ஓட்டுநர் பக்கக் கதவு திறந்திருந்தது. சம்பந்தி அதன் பக்கத்தில் நின்று, புதிதாகச் சேர்ந்திருந்த தையல்காரம்மாவுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"வண்டி ஓட்டக் கத்துக்கிட்டாப் போதாதும்மா, வண்டியப் படிக்கவும் கத்துக்கணும். இந்தச் சீட்டப் பாருங்க. எட்டு வருஷம் முன்னாடி ஒருத்தர் ஒட்டினது. ஒரு எண்ணு மாறாது. ஒட்டினவர் யாரு தெரியுமா? இதோ வர்றாரே, இவர்தான். என் சம்பந்தி."

தையல்காரம்மா மரியாதையாகத் தலையசைத்தார். மீட்டர்காரருக்கு நின்ற இடத்திலேயே உடம்பு கூசியது. நான்கு வருடமாக எந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாரோ அந்த வார்த்தை கிடைத்தது, அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை. பெல்ட்டும் பரிசும் நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போயின.

"அந்தச் சீட்டு தப்பு, சம்பந்தி," என்றார்.

பிரேக் வாத்தியாரின் கால் தரையில் ஒருமுறை அழுந்தியது.

"எது தப்பு?"

"கிலோமீட்டர். பதிமூணாயிரம் இல்ல. லட்சத்து முப்பத்தெட்டாயிரம்."

பிரேக் வாத்தியார் சீட்டைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார். பிறகு மெதுவாக, தையல்காரம்மாவுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"திருப்பினதா?"

மீட்டர்காரருக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டார்.

"இல்ல. தப்பாப் படிச்சேன். பழைய மீட்டர் இதுதான். நீங்களே படிங்க."

சம்பந்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மீட்டரை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார். முப்பது வருடம் கார்களோடு வாழ்ந்தவர். ஒரே பார்வையில் படித்துவிட்டார்.

"பதிமூணாயிரத்து எண்ணூத்தி அறுபத்தி நாலு. சரியாத்தானே எழுதியிருக்கீங்க? லட்சம் எங்கருந்து வந்துது?"

"கடைசி எண்ண விட்டுட்டீங்க."

"அது சிவப்புக் கட்டம். அத யாரு படிப்பா?"

"நானும் படிக்கல."

சம்பந்தி ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. மீட்டரைத் தையல்காரம்மாவிடம் நீட்டினார். "நீங்க படிங்கம்மா."

அவர் இதுவரை காரின் முன்னிருக்கையில் இரண்டே முறை உட்கார்ந்தவர். அளவு டேப்பைப் படிக்கிறவர்போல விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாக நகர்த்தினார்.

"ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்து அறுநூத்தி நாப்பது."

"கட்டத்துக்குள்ள இருக்கறத விட்டுடணும்மா," என்றார் சம்பந்தி.

"ஏன் சார் விடணும்? அதுவும் எண்ணுதானே?"

இரண்டு சம்பந்திகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தொழில் தெரிந்த இரண்டு பேருக்கும் தெரியாதது, ஒன்றும் தெரியாத அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. மீட்டர்காரர் அறுநூறு சுற்று கதையையும், மாறிப்போன முகத்தட்டையும், ரொட்டிக்காரரையும் ஒன்று விடாமல் சொன்னார். மனைவி சொன்ன பரிசு யோசனையைக்கூட மறைக்கவில்லை. சொல்லச் சொல்ல அவருக்கே லேசாக இருந்தது. சம்பந்தி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அதற்குள் மெக்கானிக் கருவிப்பெட்டியோடு வந்து சேர்ந்தார். கார் இன்ஜினின் மூடியைத் திறந்து, உள்ளே கையை விட்டு, பெல்ட்டை விரலால் வளைத்துப் பார்த்தார். வளைத்த இடமெல்லாம் வெடிப்பு வாய் திறந்தது.

"நாளைக்கு மலைக்கா?" என்றார் மெக்கானிக். "ஏறியிருக்கும். இறங்கியிருக்குமான்னு சொல்ல முடியாது."

தையல்காரம்மா மெதுவாக இரண்டடி பின்னால் போய் நின்றார். மெக்கானிக் புது பெல்ட்டை மாட்டி, இன்ஜினைக் கிளப்பி, காது கொடுத்துக் கேட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போக ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் சம்பந்தி மீட்டர்காரருக்கு முதுகைக் காட்டியபடி நின்றுகொண்டே இருந்தார். மீட்டர்காரர் மனதுக்குள் எல்லாவற்றையும் கைகழுவிவிட்டார். மகள் பிழைத்தாள், அது போதும் என்று சொல்லிக்கொண்டார். போதவில்லை.

பிறகு பையிலிருந்து மஞ்சள் சீட்டு ஒன்றை எடுத்து, காரின் மூடிமேல் வைத்து எழுதினார். தேதி. 'முந்தைய சீட்டில் உள்ள அளவு தவறு. சரியான அளவு 1,38,640 கிலோமீட்டர்.' கையெழுத்துப் போட்டார். சம்பந்தி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் படித்தார்.

"யாரோட தவறுன்னு போடலையே."

மீட்டர்காரர் பேனாவை மறுபடி திறந்து, 'படித்ததில் என் தவறு' என்று சேர்த்தார். குனிந்து, பழைய சீட்டின் ஓரத்தில் நகத்தை விட்டுக் கிளப்பினார். அதைப் பிய்த்துவிட்டு அந்த இடத்தில் புதியதை ஒட்டுவதாக எண்ணம்.

சம்பந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது இருக்கட்டும்."

"தப்பானதாச்சே, சம்பந்தி."

"அதனாலதான். கீழ ஒட்டுங்க. வர்றவன் ரெண்டையும் படிக்கட்டும்." அவர் பிடித்த கையை விடவில்லை. "மீட்டரத் திருப்பறவன் எவனும் ரெண்டாவது சீட்டு ஒட்டினதில்ல. அன்னைக்கு உங்ககிட்ட அந்தக் கேள்விய நான் கேட்டிருக்கக் கூடாது. அதுவும் நாலு பேர் முன்னாடி."

இதற்கு என்ன சொல்வது என்று மீட்டர்காரர் நான்கு வருடமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். மிக நல்ல பதில்கள், காரசாரமானவை. அவற்றில் ஒன்றுகூட இப்போது வாயில் வரவில்லை. கண் நிறைந்துவிட்டது. குனிந்து சீட்டை ஒட்டுகிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டு, டேப்பை நாலைந்து தடவை அழுத்தி அழுத்தித் தேய்த்தார்.

"என்னோட ஸ்கூல் வண்டி அஞ்சுலயும் மீட்டர் ஒரு மாதிரிதான் ஓடுது," என்றார் சம்பந்தி, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. "திங்கக்கிழம மொதல் வண்டிய அனுப்பறேன்."

"அனுப்புங்க," என்றார் மீட்டர்காரர். "ரெண்டு தடவ படிச்சிட்டுத்தான் எழுதுவேன்."

தையல்காரம்மா இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். தன்னுடைய இரண்டு மணி நேரப் பாடம் முடியப் பத்து நிமிடம்தான் இருக்கிறது என்று நினைவுபடுத்தினார்.